குங்குமத்துக்கு முந்திய சிவப்பு

சேஷய்யர் போய்விட்டார் என்ற செய்தி எனக்குப் பாதிச் சவரத்தில் வந்தது. வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்துக்குச் சோப்பு குழைத்துக்கொண்டிருந்த வேலப்பனை யாரோ வாசலில் நின்று கூப்பிட்டார்கள். போய்க் கேட்டுவிட்டு வந்தவன் கத்தியை மடக்கினான்.

"பார்சல் ஆபீஸ் சாமி தவறிட்டாருங்க. மூத்த பையனுக்குச் சவரம் பண்ணோணும். உங்களுது அப்பறம் பாத்துக்கலாம், உங்களுக்கென்னுங்க அவசரம்."

ஒரு கன்னம் தாடியோடு துக்கத்துக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்கக்கூடியவர் ஒருவர்தான், அவர் கண்ணை மூடிக் கிடந்தார்.

கொஞ்ச காலமாக இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதுவதெல்லாம் இரங்கலாகவே இருக்கிறது. சிரிக்கவைக்கிறவன் என்று பெயர் வாங்கினேன். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வரிசையாகக் கிளம்புகிறார்கள். அலுப்பாக இருக்கிறது. ஆனால் சேஷய்யரைப் பற்றி வேறு யாராவது எழுதினால் 'பக்திமான், ஒழுங்கானவர்' என்று முடித்துவிடுவார்கள். மீன் விட்டுப்போகும். அதற்காகவே பேனாவை எடுத்தேன்.

எங்கள் பாலக்காட்டுக்குக் கடல் கிடையாது. ரயில் உண்டு. கோயமுத்தூர்ப் பக்கம் போகிற மீன்கூடைகள் ஒலவக்கோடு ஸ்டேஷனில் இறங்கி ஏறும். அங்கே பார்சல் குமாஸ்தாவாக இருந்த சேஷய்யர், கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், பரம்பரையாக மீன் வாசனையே அறியாத வயிறு, முதலில் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கூடைகளைப் பார்த்தாராம். பிறகு மூக்கு பழகிவிட்டது. கண் மட்டும் பழகவேயில்லை என்பார்.

கோவிந்தாபுரத்து மீன் வியாபாரி காதர் ராவுத்தர், சேஷய்யர், வக்கீல் குமாஸ்தாவாகிய நான், இந்த மூவர்தான் எங்கள் மீன் சபை. பழக்கமில்லாத மீன் எது வந்தாலும் ராவுத்தர் தனியே எடுத்துவைப்பார். சேஷய்யர் ஒரு மூங்கில் குச்சியால் அதைப் புரட்டிப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார். நான் எழுதுவேன். "நம்ம மூணு பேர்ல மீன் திங்கறவன் நான் ஒருத்தன்தானுங்க. ருசி எம் பொறுப்பு" என்பார் ராவுத்தர்.

நான் எழுதிய லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு திருக்கையைப் பற்றி 'கண்களில் சொல்லொணாச் சோகம்' என்று சேர்த்துவிட்டேன். சேஷய்யர் வாசித்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சோகம் உமக்கு இருக்கு ஓய். மீனுக்கு இருக்கான்னு ஆரு கண்டா? அடியும் அதை."

அடித்தேன். என் எழுத்தில் அவர் அடிக்கச் சொன்னதை எல்லாம் அடித்திருந்தால் நான் ஒரு நல்ல எழுத்தாளனாகியிருப்பேன்.

வேலை முடிந்ததும் அவர் நேரே ஆற்றுக்குப் போவார். முங்கி எழாமல் வீட்டுப்படி ஏறினால் அவர் மனைவி, எனக்கு மன்னி, விடமாட்டாள். மீனைப் பார்த்த தீட்டை மீன்களுக்கு நடுவிலேயே நின்று கழுவிய ஒரே மனிதர் அவர்தான். ஊரில் அவரை 'மீன் சாமி' என்று கேலி செய்தார்கள். மீன்களைப் பற்றிப் பத்திரிகை நடத்திய ஒரு சபை பட்டணத்தில் இருந்தது. அதில் தம் பெயர் ஒரு தடவை அச்சில் வந்தால் போதும், ஊர் வாயை அடைத்துவிடலாம் என்பது அவருக்கிருந்த ஒரே ஆசை.

அந்த ஆசை ஒரு மழைக்காலத்தில் கூடையேறி வந்தது. ஆளைவிட நீளம், நாடா மாதிரி தட்டை, வெள்ளித்தகடு மாதிரி மினுமினுப்பு. வாங்க ஆளில்லாமல் கடற்கரையிலிருந்து ராவுத்தருக்கு அனுப்பியிருந்தார்கள். சேஷய்யர் குனிந்து பார்த்தார். "எழுதும் ஓய். தலையிலே சிவப்பா ஒரு குச்சம். ஈர்க்குச்சி ஈர்க்குச்சியா நிக்கறது." எழுதினேன். மீனைக் கெடாமல் வைக்க ஸ்பிரிட் வாங்க அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அதற்குள் போர்ட்டர்கள் அதைப் பிளாட்பாரத்தில் நீட்டிப் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி வந்து நின்றது. தலையில் கிரீடம் வைத்த நீளமான ஒன்றைப் பார்த்தால் நம் ஜனங்களுக்கு என்ன தோன்றும்? "ஆதிசேஷன்" என்றாள் ஒருத்தி. மஞ்சள் நீர் வந்தது, பால் வந்தது, குங்குமம் கைகையாய் வந்து விழுந்தது. குச்சத்தை ஒவ்வொரு ஈர்க்காக ஒடித்துப் பிரசாதமாக முடிந்துகொண்டு போனார்கள். நானும் ராவுத்தரும் தடுத்துப் பார்த்தோம். "நீங்க வெலகுங்க பாய், சாமி காரியம்" என்று அவரைத் தள்ளிவிட்டார்கள். என்னைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டேன், கூட்டம் பெரியது.

சேஷய்யர் திரும்பி வந்தபோது எஞ்சியிருந்தது குங்குமம் அப்பிய மொட்டைத் தலை. அதையே ஜாடியில் போட்டு, நான் எழுதியதோடு பட்டணத்துக்கு அனுப்பினார். சபையின் காரியதரிசியிடமிருந்து பதில் வந்தது. 'ஜாடியில் ஸ்பிரிட்டே சிவந்திருக்கிறது. தாங்கள் கண்ட சிவப்பு தங்கள் ஊர்ப் பூஜைப்பொடியே. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மற்றதைத் தங்கள் பெயரோடு வெளியிடுகிறோம்.'

"ஒரு சொல்தானே அண்ணா, போகட்டும்" என்றேன்.

"ஒரு சொல்லுதான். அதாக்கும் நான் பாத்தது. மிச்சத்தை ஆரு வேணும்னாலும் பாப்பா."

"சாமி, பேரு வருமுங்க" என்றார் ராவுத்தர்.

"பாக்கல்லேன்னு எழுதிக் குடுத்துட்டு வர பேரு எனக்கெதுக்கு ராவுத்தரே?"

அச்சில் வரவில்லை. அதன்பிறகு அவர் எதையும் அனுப்பவுமில்லை. ரிடயரான பிறகும் குச்சியோடு ஸ்டேஷனுக்கு வந்துகொண்டிருந்தார். கூடை திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். அது மறுபடி வரவில்லை. கேலி மட்டும் கடைசிவரை வந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு மன்னி என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கதவுக்குப் பின்னால் நின்றபடி ஒரு சிமிழை என் பக்கம் நகர்த்தினாள். "இனிமே எனக்கு இது வேண்டாமோல்லியோ. உள்ளே ஒண்ணு இருக்கு, பாருங்கோ."

குங்குமத்துக்குள் புதைந்து ஒரு ஈர்க்கு, விரல் நீளம்.

"அடுத்தாத்து மாமி அன்னிக்குப் பிரசாதம்னு தந்தது. மீன்னு தெரியாம சிமிழ்லே வெச்சுட்டேன். மறுநாள் அவர் கண்டார். தூக்கிப் போடட்டுமான்னு கேட்டேன். 'நீ சாமின்னு வெச்சது. அங்கேயே இருக்கட்டும்'னார். அப்பறம் தினமும் நான் குங்குமம் எடுக்கறச்சே வந்து வந்து பாப்பர். ஒண்ணும் பறய மாட்டர்."

ராவுத்தரிடம் காட்டினேன். வயதாகிவிட்டது, கண்ணருகே வைத்துப் பார்த்தார். "கழுவிப் பாத்தாத் தெரிஞ்சு போயிரும்னு நெனைக்காதீங்க. செத்த மீனுக்கு நெறம் நிக்காதுங்க. கழுவுனா வெள்ளையாத்தான் இருக்கும்."

கழுவவில்லை. அந்தச் சிவப்பை அவர் பார்த்தார், சொன்னார், நான் எழுதினேன். என் கையெழுத்தில் அடித்தல் இல்லாமல் நிற்கிற ஒரே வாக்கியம் அது. சிமிழ் இப்போது என் மேஜையில் இருக்கிறது. அதைத் திறக்கிற நாளெல்லாம் என் மனைவி என்னைக் குளிக்கச் சொல்கிறாள். ஆற்றுக்குப் போய் முங்கிவிட்டு வருகிறேன்.