ஏற்காட்டு ஆரஞ்சுத் தோட்டத்தில் ஒரு கடலோரப் பட்டாம்பூச்சி

கடலோரப் பட்டாம்பூச்சியைத் தேடி மலைக்குப் பஸ் ஏறிய ஆள் நான்தான். முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளி. கடற்கரைப் பக்கம் கூட்டமாகத் தங்குமாம், இப்போது அருகி வருகிறதாம். மச்சான் போனில் படம் அனுப்பி, "ஏற்காட்டிலும் இருக்கு மாமா" என்றான். கடலுக்கும் ஏற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்குப் பூகோளம் எதற்கு?

ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிறு. சேலத்தில் காலை ஏழு மணி பஸ், எட்டேகாலுக்கு ஏற்காடு. அங்கிருந்து ஷேர் ஜீப்பில் எட்டு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பது ரூபாய். படத்தைக் காட்டியதும் டிரைவர், "இதுங்களா? பழனியம்மா தோட்டத்துல மொய்க்குதுங்க" என்று வாசலிலேயே இறக்கிவிட்டார்.

பழனியம்மா ஆரஞ்சுக் கன்றுகளிலிருந்து பச்சைப் புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கன்றுகள் வெறும் குச்சி. கன்றின் நுனியில், மச்சான் அனுப்பிய படத்தில் பார்த்த அதே பட்டாம்பூச்சி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"அம்மிணி, நிறுத்துங்க! அருகி வர்ற பூச்சியோட புள்ளைங்க!" என்று கத்தினேன்.

"ஏனுங்ண்ணா, அப்ப எங்கூட்டுப் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவாங்க? போன வருசம் வெச்ச கன்னு பூராவும் இதுங்க வாயிலதான் போச்சு. இந்த வருசமும் போனா நொம்பக் கஷ்டமுங்க."

அவர் அரிவாளோடு வேலிப் பக்கம் போனார். அங்கே படர்ந்திருந்த ஈசுரமூலிக் கொடியிலும் அதே பட்டாம்பூச்சி. ஆனால் புழு மட்டும் கருஞ்சிவப்பு, முள்முள்ளாக.

"ஒரே தாய்க்கு ரெண்டு ஊட்லயும் பிரசவமா? கொடியை அறுத்துட்டா ஓடிப் போயிருமுங்க" என்று சிரித்தார்.

ஒரே பூச்சிக்கு ரெண்டு விதப் புழு எப்படி? பாறை மேல் ஏறிச் சிக்னல் பிடித்து மச்சானைக் கேட்டேன்.

"சிறகைப் பாக்காதீங்க மாமா, உடம்பைப் பாருங்க. செவப்புன்னா அசல். விஷக்கொடி தின்னு வளர்றதால பறவை அதைத் தொடாது. கறுப்புன்னா, பறவைகிட்டத் தப்பிக்க அதே வேசம் போட்ட வேற பூச்சி."

இறங்கி வந்து பார்த்தேன். கன்றில் இருந்தது கறுப்பு உடம்பு, கொடியில் சிவப்பு. வேசக்காரிக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்; அரிவாள் ஓங்கியது அசலின் வீட்டின் மேல்.

விவரம் சொன்னதும் பழனியம்மா அரிவாளைக் கீழே வைத்தார். "கொடி வேலியோட கெடக்கட்டுமுங்க, அதனால எனக்கென்ன நட்டம்? இந்தப் பச்சைப் புள்ளைங்களை நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க. அவ்வளவு பாசம் வெச்சிருக்கீங்களே!" மிச்சப் புழுக்களை என் மஞ்சள் பையில் கொட்டிவிட்டார்.

போகிறவர்கள் வெயில் ஏறிய பிறகு போங்கள், அப்போதுதான் பறக்கும். உடம்பைப் பார்க்காமல் யாரையும் அதட்டாதீர்கள். வேலியில் அந்தக் கொடி இருந்தால், விட்டுவைக்கும்படி தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடற்கரைப் பூச்சிக்கு மலையில் என்ன வேலை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

பையை மொட்டைமாடியில், என் மனைவியின் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். புதன்கிழமையிலிருந்து எங்கள் வீட்டு ரசத்தில் கறிவேப்பிலை இல்லை.