கம்பி கொஞ்சம் ஜாஸ்திங்க

போன வாரம் அவிநாசி சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் அண்ணாந்து நின்றேன். கண்ணாடி துடைக்கும் ஒருவர் கயிற்றில் சரசரவென்று இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். உரசிச் சூடான கயிற்றின் வாசனை. உடனே மயில்சாமியின் லேத் பட்டறையும், நான் நடுவானில் தொங்கிய ஞாயிறும் ஞாபகம் வந்துவிட்டன. எதற்கும் தேதி குறித்து வைக்கிற ஆசாமி நான். அந்த நாளை மட்டும் ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு என்றே நினைவில் வைத்திருக்கிறேன். காரணம், காற்று.

அப்போது நாங்கள் சிலர் ஞாயிறுதோறும் மலையேறுவோம். பாறையில் கயிறு கட்டி இறங்க ஒரு கருவி தேவைப்பட்டது. வெளியூரில் வாங்கலாம் என்றதும், துடியலூரில் பட்டறை வைத்திருந்த மயில்சாமிக்கு ரோசம் வந்துவிட்டது.

"பம்புக்கே பார்ட்டு செஞ்சு தர்றோம், இதச் செய்ய மாட்டமுங்களா?"

செய்துவிட்டார். கொண்டை ஊசியை முழ நீளத்துக்குப் பெரிதாக்கியது போல ஓர் எஃகுச் சட்டம். குறுக்கே ஏணிப்படி மாதிரி, கதவு போல வெளியே மடக்கக்கூடிய ஐந்து கம்பிகள். கயிறு ஒரு கம்பிக்கு மேலும் அடுத்ததற்குக் கீழுமாக நுழைந்து போகும். அந்த உரசல்தான் ஆளைப் பிடிக்கும். கம்பி கூடினால் வேகம் குறையும்.

பார்த்துக் குறை சொல்லுங்கள் என்று பட்டறைக்கு அழைத்தார். டீ வாங்கிக் கொடுத்தவரிடம் குறை சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. "அருமையா இருக்குதுங்க. இன்னொரு கம்பி இருந்தா தைரியமா இருக்குமுங்க" என்றார் எங்களோடு மலையேறும் வங்கி ஊழியர் டேவிட். மயில்சாமி சேர்த்தார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். நானும்தான். கடைசியில் அது ஜன்னல் கிரில் போல ஆகிவிட்டது.

மதுக்கரைப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குழியில் சோதனை. "நீங்க மொதல்ல எறங்குங்க." "ஐயோ, மூத்தவரு நீங்க இருக்கறப்பவா?" இந்த உபசாரத்திலேயே வெயில் ஏறிவிட்டது. ஒல்லி என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தவறினால் பிடித்துக்கொள்ள என் இடுப்பில் கட்டிய காப்புக் கயிறு மேலே டேவிட் கையில். இறங்கும் கயிற்றைக் கீழிருந்து தூக்கித் தூக்கிக் கருவிக்குள் ஊட்டினால்தான் சாண் சாணாக நகர்ந்தது. தரைக்கு இன்னும் இரண்டு ஆள் உயரம் இருக்கும்போது கை ஓய்ந்தது.

"ஏனுங்க, டிசைன் எப்படி இருக்குதுங்க?" மேலிருந்து மயில்சாமி.

"நல்லா இருக்குதுங்க!"

"எறங்குதுங்களா?"

"அதுதானுங்க இல்ல. மத்தபடி குறையே இல்லீங்க."

"மேல இழுத்துரட்டுங்களா?" என்றார் டேவிட்.

"வேண்டாமுங்க!" மயில்சாமி அலறினார். "இழுத்துப்போட்டா டிசைன் ஃபெயிலும்பாங்க. வெளியூர்ல வாங்கிப்போடுவாங்க!"

ஆடிக்காற்று என்னைப் பம்பரமாகச் சுற்றியது. அந்தச் சுற்றில் என் நாகரிகமெல்லாம் தீர்ந்துபோனது. "கம்பி ஜாஸ்திங்க! இது எறங்கறதுக்கில்ல, தொங்கறதுக்கு!"

மேலிருந்து மனத்தாங்கலோடு மயில்சாமியின் குரல்: "அத டீ குடிக்கறப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அப்புறம் அவரே வழி சொன்னார். "அடிக் கம்பில இருந்து கயித்த எடுத்துட்டு, கம்பிய வெளிய மடக்குங்க. ஒண்ணொண்ணா." மடக்க மடக்க உடம்பு நகர்ந்தது. நாங்கள் மரியாதைக்குச் சேர்த்த கம்பிகள் அத்தனையும் விலகியதும் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டேன். குனிந்து பார்த்தால், அவர் முதலில் போட்ட ஐந்து கம்பிகளில்தான் கயிறு இருந்தது. டிசைன் பாஸ்.

கண்ணாடிக்காரரைப் பற்றி மயில்சாமியிடம் போனில் சொன்னேன்.

"அவுங்களுக்கு எத்தன கம்பிங்க?"

"கம்பியே இல்லீங்க. உள்ளங்கை அகலத்துல ஒரு டப்பி."

அவருடைய பட்டறை இப்போது செல்போன் கடை. கல்குழியையும் மண் கொட்டி நிரப்பி மனை போட்டுவிட்டார்களாம், போய்ப் பார்த்திருக்கிறார்.

"நீங்க தொங்குன எடம் இருக்குதில்லீங்க, அது இப்ப மண்ணுக்கு அடியிலங்க. மேல ஒரு ஊடு. மொட்டை மாடில துணி காயுதுங்க."