புரட்டாசியில் மிதந்த கிழங்கு

வருஷம் முழுக்கக் கோழி இல்லாமல் சோறு இறங்காத என் வீட்டுக்காரர், புரட்டாசி பிறந்தால் சாமியாராகிவிடுவார். வீட்டில் முட்டை வாசம்கூட இருக்கக் கூடாது. இருக்கிற முட்டைகளைத் தட்டோடு தூக்கிப் போய், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வருவார். மலேசியாவின் கூலாய் ஊரில் எங்கள் வரிசை வீட்டில் வருஷா வருஷம் நடக்கும் கூத்து இது. ஆன்ட்டியும் முகம் சுளிக்காமல் மாதம் முடியும்வரை வைத்திருப்பார்.

அந்த மாதம் பார்த்தா என் மகளுக்கு அறிவியல் சோதனை வரவேண்டும்! படிவம் ஒன்று, இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம். போன சோதனையில் கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் தேறாவிட்டால் பள்ளிப் பூப்பந்துக் குழுவில் இடமில்லை என்று அவளுடைய அறிவியல் ஆசிரியை, ஒரு மலாய்க்காரர், சொல்லிவிட்டார். மட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளை.

சனிக்கிழமை காலை மீள்பார்வைக்கு உட்கார்ந்தோம். அடர்த்தி பாடம். சாதாரணத் தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள், புத்தகத்தின் மலாய் வரிகளை மந்திரம் மாதிரி ஒப்பித்தாள். ஏன் மிதக்கிறது என்று கேட்டால் மேலே விசிறியைப் பார்த்தாள்.

“செஞ்சு பார்த்தா புரிஞ்சிடும். ஆன்ட்டிகிட்ட ஒரு முட்டை வாங்கிட்டு வா,” என்றேன்.

கூடத்திலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. “புரட்டாசியில முட்டையா? அலமாக்! வாசப்படி தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்.”

“திங்கவா கேட்டோம்? தண்ணியில போடத்தானே!”

“எதுக்கா இருந்தாலும் முட்டை முட்டைதான் லா. உருளைக்கிழங்கைப் போடு.”

வந்த கோபத்துக்கு அவரையே தண்ணீரில் போட்டுப் பார்க்கலாமா என்றிருந்தது. கிழங்கைப் போட்டேன். மூழ்கியது. ஒரு கரண்டி உப்பு, இன்னொரு கரண்டி. அசைவேனா என்று கிடந்தது. “பாடமே தப்பு போல,” என்று பின்னால் நின்று நக்கலடித்தார். பொட்டலத்தையே கவிழ்த்துக் கலக்கினேன். கிழங்கு மெல்ல எழும்பி மேலே வந்து நின்றது. முதலில் கத்தியது அவர்தான்.

மகள் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, கிழங்கு மாறல. தண்ணிதான் கனத்துப் போச்சு.” சட்டென்று அடுத்த பாடத்துக்குத் தாவினாள். “அப்ப பூமிக்குள்ளயும் இப்படித்தானா? கனமான இரும்பு உள்ள எறங்கி, லேசான பாறை மேல வந்துருச்சா?”

சந்தோஷத்தில் வேகமாகத் தலையை ஆட்டினேன்.

சோதனை எழுதி, புரட்டாசி முடிவதற்குள் திருத்திய விடைத்தாளும் வந்துவிட்டது. தேற ஒரே ஒரு புள்ளி குறைவு. பரிசோதனைக்கு என்ன பொருள் வேண்டும் என்ற கேள்விக்கு இவள் உருளைக்கிழங்கு என்று எழுதியிருந்தாள். ‘முட்டை எங்கே?’ என்று ஆசிரியை சிவப்பு மையில் கேட்டிருந்தார். இவள் நேரே போய், “எங்க முட்டை பக்கத்து வீட்ல இருக்கு டீச்சர். ஆனா கிழங்கும் மிதக்கும்,” என்றிருக்கிறாள். மிதக்க வைத்துக் காட்டினால் புள்ளி தருவதாக ஆசிரியை சொல்லிவிட்டார்.

மறுநாள் நல்ல கிழங்காகப் பொறுக்கி, உப்புப் பொட்டலத்தோடு பையில் வைத்தவர் என் வீட்டுக்காரர். மத்தியானம் வாசலில் காத்து நின்றவரும் அவர்தான்.

“மிதந்துச்சா?”

“மிதந்துச்சுப்பா! புள்ளி குடுத்துட்டாங்க. டீச்சர் முட்டையும் கொண்டு வந்திருந்தாங்க. என்னையே போடச் சொன்னாங்க. ரெண்டும் மிதந்துச்சு.”

“முட்டையத் தொட்டியா?”

“தொட்டேன்.”

அவர் அவளுடைய பள்ளிப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“கையக் கழுவிட்டு மட்டைய எடு. பயிற்சிக்கு நேரமாச்சு.”