சிவப்பு பல்ப்

எனக்கு மைக் செட் வேலை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். இப்போது எல்லாரும் டிஜே கேட்கிறார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர், கனமான பழைய மைக்குகள், ஒரு ஸ்பூல் டேப் மெஷின். எடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு விசேஷத்தில் கிட்டார் வாசித்த பையன் ஆம்ப்ளிஃபயரைத் தடவிப் பார்த்தான். "அண்ணா, இந்த சவுண்டுக்குத்தான் நாங்க அலையறோம்" என்றான். அது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

இரும்புலியூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை, சமையல்கட்டு. பாட்டுப் பதிவு செய்ய அறையை நான் எடுத்துக்கொண்டேன். கட்டில் ஹாலுக்கு வந்தது. இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துச் சுவரில் அடித்தேன். அதன் மேல் மண்டபத்தில் கழித்துப் போட்ட ஜமக்காளம். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். ரயில் சத்தம் பெரும்பாலும் நின்றது. நடுவில் மைக், சுற்றி ஆட்கள், ஒரே மூச்சில் பாட வேண்டும். தப்பினால் முதலில் இருந்து. குரல் உருண்டையாக விழும். அந்தக் காலத்து ரேடியோவில் விழுந்த மாதிரி.

நிற்காத சத்தம் ஒன்றுதான். என் சம்சாரத்தின் கிரைண்டர்.

அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். சாயங்காலம் தெருப் பெண்கள் பாத்திரத்தோடு வாசலுக்கு வருவார்கள். மைக் செட் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பு எரிந்தது அந்த மாவில்தான். அவளிடம் கிரைண்டரை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் சமையல்கட்டில் ஒரு சிவப்பு பல்ப் மாட்டினேன். சுவிட்ச் அறைக்குள். பல்ப் எரிந்தால் கிரைண்டர் நிற்க வேண்டும், மிக்ஸி நிற்க வேண்டும், வாசலில் யாரும் பேசக் கூடாது. அவள் பல்பைப் பார்த்துப் பார்த்து அரைத்தாள்.

முதல் பார்ட்டி அந்தக் கிட்டார் பையனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும். கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பாட்டு அவர்களே எழுதியது. பல தடவை பிசகிக் கடைசியில் ஒரு தடவை நன்றாக அமைந்தது. கடைசிக் கம்பி அதிர்ந்து அடங்கிக்கொண்டிருந்தது. அப்போது கிரைண்டர் ஓடியது.

டேப் ஓடுவது நினைவில்லை. கதவைத் திறந்து கத்தினேன்.

பிறகு டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டோம். பாட்டு அருமை. அது முடியும் இடத்தில் கிரைண்டர் உறுமல், அதன் மேல் என் குரல். "அறிவு இருக்குதா உனக்கு? எத்தினி வாட்டி சொல்றது? நிறுத்துடி சனியனே."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அதுவும் உருண்டையாகத்தான் விழுந்திருந்தது.

இரண்டு பேர் சிரித்தார்கள். "அண்ணா, இத கட் பண்ணாதீங்க. அப்டியே விட்றலாம். செம ஒரிஜினலா இருக்கு."

கிட்டார் பையன் சிரிக்கவில்லை. "யாருண்ணா அவங்க?"

"வூட்டு வேலைக்கு வர்றவங்கப்பா" என்றேன்.

ஏன் அப்படி வந்தது என்று தெரியாது. வந்துவிட்டது.

"வேலைக்கு வர்றவங்கள இப்டிலாம் பேசக் கூடாதுண்ணா" என்றான். சம்சாரம் என்று சொல்லியிருந்தால் அவன் சும்மா இருந்திருப்பான். அதுவும் எனக்கு உறைத்தது.

கதவு திறந்தேதான் இருந்தது. அவள் டீ டம்ளர்களோடு நின்றாள். நைட்டி முழுக்க மாவு தெறித்திருந்தது. தட்டை என் பக்கம் நீட்டினாள்.

"சார், டீ."

எடுத்துக்கொண்டேன். பையன்கள் "தேங்க்ஸ்க்கா" என்றார்கள். அவள் போய்விட்டாள்.

அவர்கள் கிளம்பினதும் சமையல்கட்டுக்குப் போனேன். மேலே பல்பைப் பார்த்தேன். கழற்றி ஆட்டிப் பார்த்தேன். பல்ப் ஃப்யூஸ் போயிருந்தது.

"பல்ப் போய்டுச்சு" என்றேன்.

"ஆமா சார்."

"சொல்லியிருக்கலாம்ல."

"வேலைக்கு வர்றவ இன்னாத்த சொல்றது?" மாவை வழித்துக்கொண்டே சொன்னாள். குரல் ஏறவில்லை.

டேப்பில் அந்த இடத்தைத் தேடி பிளேடால் அறுத்தேன். பாட்டின் கடைசிக் கம்பியும் அதோடு போனது. கிட்டார் பையனுக்கு ஃபோன் போட்டு, முடிவு கெட்டுப்போச்சு, மறுபடி வாங்க என்றேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் சார்தான். "சார், சோறு." "சார், கேஸ் வந்திருக்கு." வாசலில் மாவு வாங்க வந்த பெண் கேட்டுவிட்டு, "இன்னாக்கா, அண்ணன் ஆபிசர் ஆய்ட்டாரா?" என்று சிரித்தாள். இவளும் சிரித்தாள். நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பையன்கள் வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். "அன்னிக்குக் கேட்டீங்களே. அது என் சம்சாரம்."

கிட்டார் பையன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "ஸாரிக்கா" என்றான்.

"நீ ஏன்ப்பா ஸாரி சொல்ற?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். பையன்கள் தரையைப் பார்த்தார்கள். நான் வயரைச் சுற்றினேன். அன்றைக்குப் பாட்டு சுமாராகத்தான் வந்தது.

புது பல்ப் போடவில்லை. காலையில் அவள் அரைத்து முடித்த பிறகு பையன்களை வரச் சொல்கிறேன். நடுவில் கிரைண்டர் ஓடினால் டேப்பை நிறுத்தி உட்கார்ந்திருப்போம். முதல் தடவை நானே போய், "நீ அரைச்சிக்கோ, நாங்க நிக்கிறோம்" என்றேன். தலையாட்டினாள்.

சார் நின்றுவிட்டது. முன்பு "இன்னாங்க" என்று கூப்பிடுவாள். அது திரும்பி வரவில்லை. இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து நின்று பேசுகிறாள்.

கிரைண்டர் சுவிட்சைத் தொடும்முன் மேலே ஒரு தடவை பார்க்கிறாள். அங்கே காலி ஹோல்டர்தான் இருக்கிறது.