மண் ஜிமிக்கிக்கு என்ன விலை வைக்க?

மண்ணுல நகை செய்யதக்கூட கத்துக்கிடலாம், அதுக்கு ஒரு விலையச் சொல்லிட்டு மூஞ்சி மாறாம நிக்கது இருக்கே, அதுதான் இந்தத் தொழிலே. நீங்களும் கையால செஞ்சு விக்கிற ஆளா? அப்ப பக்கத்துல வந்து உக்காருங்க, நம்ம கூட்டம்தான்.

தாராவி வீட்டுல ஜிமிக்கி, மாலை எல்லாம் செஞ்சு, கும்பர்வாடா சூளையில சுட்டு, வர்ணம் அடிச்சு வித்துட்டு இருந்தேன். தீவாளிக்குள்ள யாவாரம் தேறலேன்னா, மைனி வேலை பாக்குத ஐரோலி பேக்கிங் கம்பெனிக்கு நானும் போயிரணும்னு வீட்டுல பேசி முடிச்சாச்சு.

போணி மாமி

மாட்டுங்கா கோயில் தெருவுல நான் துணிய விரிக்கதுக்கு முன்னாலயே ஒரு மாமி வந்து நிப்பாவ. மொத கிராக்கிய வெறுங்கையோட அனுப்பமாட்டேன்னு அவியளுக்குத் தெரியும். நானூறுன்னா நூறும்பாவ. கழுத்தச் சாய்ச்சு, கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாப்பாவ பாருங்க, அத வீட்டுல நான் நடிச்சுக் காட்டுனா எம் புருசன் சிரிச்சே காப்பியக் கொட்டிருவாரு. தெருவுல எங்க சிரிக்க? நூறுக்கே குடுத்திருவேன். அத வாங்கி பையில போட்டுட்டு மாமி சொல்லுவாவ:

"நோக்குப் போணி ஆகட்டுமேன்னுதான் வரேன்டிம்மா. நேக்கு இது தேவையே இல்ல."

ரெண்டு நாள் மாலை

செம்பூர்ல ஒரு கண்காட்சி. ஆபீஸ் போற பொண்ணு ஒண்ணு மயில் மாலைய எடுத்துக் கழுத்துல வச்சு செல்பியும் எடுத்துக்கிட்டா. விலையக் கேட்டதும் மயிலு கீழ இறங்கிருச்சு. நானும் விடல. மண்ணப் பிசையணும், ஊசியால ஒவ்வொரு தோகையா கீறணும், நிழல்ல காய வைக்கணும், ரெண்டு நாள் வேலைன்னு மூச்சு வாங்கச் சொன்னேன். பிள்ளைக்கு மனசு இளகிட்டு போலன்னு நெனச்சேன்.

"பரவால்லக்கா, வீட்ல சும்மா இருக்காம உங்களுக்கும் டைம்பாஸ் ஆகுதுல்ல."

சூளை

தீவாளிச் சரக்கு. வெளிய மழை விட்டபாடில்ல, எனக்கோ அவசரம். உள்ள ஈரம் காயலேன்னு தெரிஞ்சும் சூளைக்குக் கொண்டு போயிட்டேன். பானை சுடுத குஜராத்தி பாய் வேண்டாம்னாரு, நான்தான் கேக்கல. உள்ள பட்டுப்பட்டுன்னு வெடிச்ச சத்தம் இன்னும் காதுல கெடக்கு. நல்ல மாலையெல்லாம் தூளு, சில்லறைக் கம்மல்தான் மிச்சம். சாம்பல்ல கைய விட்டு மயில் தலையத் தேடிட்டு இருந்தேன். பாய் பக்கத்துல குத்தவச்சு இந்தியில மெதுவாச் சொன்னாரு:

"எது விலை கூடினதுன்னு நெருப்புக்கு என்னம்மா தெரியும்?"

என் கூலி

மிச்சத்த வச்சாவது கரையேறிரலாம்னு, ஒரு ராத்திரி எம் புருசன் செல்லுல கணக்குப் போட்டாரு. மண்ணு, வர்ணம், சூளை, ரயிலு. அதுவரைக்கும் சரி. என் கூலியச் சேத்ததும் ஒரு கம்மலோட விலை எங்கயோ ஏறிப் போச்சு. அவரு என்னைய ஒருநாளும் வேலையில மட்டம் தட்டுனவரு இல்ல. அந்தக் கம்மல எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, தலை நிமிராமலே கேட்டாரு:

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. இந்த விலைக்கு நீ வாங்குவியா?"

இப்ப ஐரோலியில நாள்பூரா டப்பாவுல விலை ஸ்டிக்கர் ஒட்டுதேன் மக்களே, அந்த விலைய மட்டும் ஒருத்தரும் குறைச்சுக் கேக்கதில்ல.