ஒய்.பி.க்காகக் காத்திருந்த குத்துவிளக்கு

நாட்டுப் பணமான ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த சேதி எனக்கு டிவி பார்த்துத் தெரிந்ததில்லை. ஈப்போவில் வயோலாவுக்கு வெளிநாட்டுத் தந்தி வாங்கப் போகும்போது தெரிந்துவிடும். கடைக்காரர் விலையைச் சொல்வதற்கு முன்பே முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார். வார நாளில் லோரி உதிரிபாகக் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வயோலா என்று காலம் தள்ளுகிறவன் நான். உலகப் பொருளாதாரம் நேராக என் தோளில்தான் வந்து உட்காரும்.

எங்களுடையது கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா இல்லை. வயலின், வயோலா, செல்லோ, புல்லாங்குழல், நடுவில் மிருதங்கம். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் உண்டு. பாதிப் பேர் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நடத்துபவர் ஓர் அக்கா. யாழ்ப்பாண வழி வந்தவர், அரசாங்க மருத்துவமனையில் தாதி. இரவு வேலை முடித்து நேராக ஒத்திகைக்கு வருவார். வாசிப்பை நடத்தும் கோலைக் கையில் எடுத்துவிட்டால் தூக்கம் எங்கே ஓடிப்போகுமோ தெரியாது. அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகைக்கு நகராண்மைக் கழக மண்டபம் இலவசமாகக் கிடைத்தது. வருடத்துக்கு ஒருமுறை மானியமும் வந்தது. இரண்டும் சட்டமன்ற உறுப்பினரின் தயவு. அவரை இங்கே எல்லாரும் ஒய்.பி. என்றுதான் சொல்வோம். பிறகு ஆட்சி மாறியது, ஒய்.பி.யும் மாறினார். பழையவர் எங்களோடு சிரித்துக்கொண்டு எடுத்த படங்களே எங்களுக்கு வினையாகிவிட்டன. வயலின் எந்தக் கட்சி என்று கேட்காத குறை. போதாததற்கு, செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வேறு வந்தது. அந்தப் பேச்சு வந்தாலே கத்தரிக்கோல் முதலில் எங்கள் பக்கம்தான் திரும்பும். ரோட்டில் குழி விழுந்தால் ஓட்டுப் போகும், செல்லோ நின்றுபோனால் யாருக்கு என்ன?

எங்கள் செயலாளர் அலையாய் அலைந்து, புதிய ஒய்.பி.யை ஆண்டுக் கச்சேரிக்கு வர ஒப்புக்கொள்ள வைத்தார். அவர் வந்து பார்த்து மனம் வைத்தால் மண்டபமும் மானியமும் தொடரும். இல்லையென்றால் நாங்கள் தெருவில்தான்.

நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். ஒய்.பி. வராமல் எதுவும் தொடங்காது. முன்வரிசையில் சோபா, மேடை ஓரத்தில் எண்ணெய் விட்டுத் திரி போட்ட குத்துவிளக்கு, தட்டில் மாலை, பொன்னாடை. எல்லாம் அவருடைய கைக்கும் கழுத்துக்கும் காத்திருந்தன. சோபாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் தோட்டத்து ஜனங்கள், வாசிக்கிற பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற பஸ் ஒன்றைப் பேசி வந்திருந்தார்கள். அந்த பஸ் ஒன்பதரைக்குக் கிளம்பியாக வேண்டும், இரவு ஷிப்டுக்காரர்கள் காத்திருப்பார்கள்.

ஏழரைக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி எட்டு தாண்டியும் தொடங்கவில்லை. "வந்துக்கிட்டே இருக்காராம்" என்று செயலாளர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் பஸ் டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் மேடையைப் பார்ப்பதுமாக நின்றார்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் பாப்போம்லா. மானியம் போயிருச்சுன்னா?" என்றேன்.

"பஸ் போயிருச்சுன்னா?" என்றார் அக்கா.

அவ்வளவுதான். மைக் முன்னால் போய் நின்றார். "தோட்டத்துலேருந்து வந்தவங்கல்லாம் முன்னால வந்து உக்காருங்க. சோபா சும்மாத்தானே இருக்கு." ஒருவரும் அசையவில்லை. அக்காவே இறங்கிப்போய் மிருதங்கக்காரனின் அம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார். அந்த அம்மா கிளினிக்கில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்போல நுனியில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

"அண்ணே, நீங்க வாங்க. வந்து விளக்கேத்துங்க." இது டிரைவருக்கு.

"நானா? வேணாங்க அக்கா."

"நேரத்தப் பாத்துக்கிட்டே இருக்கீங்கல்ல, நீங்கதான் சரி."

சபையே சிரித்தது. அவர் செருப்பைக் கழற்றி, கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஐந்து திரியையும் நிதானமாக ஏற்றினார்.

இரண்டாவது உருப்படியில், மிருதங்கம் ஓய்ந்து செல்லோ மட்டும் மெல்லப் போகும் இடத்தில் ஒய்.பி. வந்தார். வாசிப்பை நிறுத்தி, மாலை போட்டு, பேச்சுக் கேட்டு, மறுபடி தொடங்குவதுதான் வழக்கம். செயலாளர் மேடை ஓரத்தில் மாலைத் தட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அக்கா எங்களைத்தான் பார்த்து நின்றார். எங்கள் முகங்களிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். கோல் ஒரு மாத்திரை கூடப் பிசகவில்லை. அந்த நிமிடத்தில் அவரைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒய்.பி. பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் கேட்டார். அவரைப் பற்றி வேறு என்ன சொன்னாலும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கச்சேரியை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் தோட்டத்து ஜனங்கள் பஸ் ஏறினார்கள். "நல்லா இருந்துச்சு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஒய்.பி.யும் போனார்.

மானியம் வரவில்லை. பொருளாதார நிலை சரியில்லையாம். அடுத்த மாதம் மண்டபமும் போயிற்று. காரணம் பொருளாதாரமா சோபாவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செயலாளர் அக்காவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். எனக்கும் கோபம்தான். ஆனால் மறுபடி அப்படி ஓர் இரவு வந்தால் அக்கா வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மூன்று ஞாயிறு ஒத்திகை இல்லை. நாலாவது ஞாயிறு சுங்கை சிப்புட்டுக்கு வரச்சொல்லி அக்காவிடமிருந்து போன். போனால், அந்த டிரைவருடைய வீடு. பக்கத்தில் தகரக் கொட்டகை, உள்ளே பஸ், தரையெல்லாம் எண்ணெய்க் கறை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்.

"பஸ்ஸ வெளிய எடுத்துடறேன். நீங்க வாசிங்க."

வெளியே நல்ல மழை. "பஸ் நனையுமே அண்ணே" என்றேன்.

"நான் வெளக்கு ஏத்துனவன்லா. அணைய விட முடியுமா?" என்றார். சொல்லிவிட்டு பஸ்ஸைப் பின்னால் எடுத்து மழையில் நிறுத்தினார்.