படகின் இருமலை நான் நிறுத்தியபோது

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கு தீப்பிடித்து, தெருவே தும்மிக்கொண்டு திரிந்ததே, அதற்கு அடுத்த மழைக்காலம். எழுபதுகளின் கடைசியாக இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்புவரை என்னை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். பூட்டு, தையல் மெஷின், கிணற்றுக் கப்பி, எது பழுதானாலும் மேஸ்திரி. பிறகு தோப்பும்படி மீன் துறைமுகத்துக்கு எஞ்சின் படகுகள் நிறைய வந்தன. நானும் எஞ்சினைத் திறக்கப் பழகினேன். மெக்கானிக் ஆகிவிட்டேன். டாக்டர் என்பதுபோல அந்தச் சொல்லைக் கொஞ்சம் பயத்தோடு சொல்வார்கள். சாயாக்கடையில் மரியாதைக்காக என் கிளாஸை மட்டும் மறுபடி கழுவித் தருவார்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சியும் எங்களைப் போலத் தூத்துக்குடிப் பக்கம். அவள் புருஷன் படகு ஓட்டுகிறவன். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் காயல், கடலோடு சேரும் உப்பங்கழி. கடலிலிருந்து தோப்பும்படிக்குப் போகும் படகெல்லாம் அந்த வழிதான். பெண்களுக்குப் படகைக் காதால் தெரியும். மழை மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு எஞ்சினும் ஒரு குரலில் முனகிக்கொண்டு வரும், தூக்கத்தில் யாரோ பேர் சொல்வதுபோல. தன் ஆளின் சத்தம் கேட்டதும் உலை வைப்பார்கள். அவன் மீன் இறக்கி வீடு சேரும்போது சோறு வெந்திருக்கும்.

தங்கச்சி புருஷனின் படகு இருமிக்கொண்டே வரும். புகைக்குழாயில் ஓட்டை. ஒருநாள் அதை வெல்டிங் வைத்து அடைத்தேன். சத்தம் பட்டுப்போல ஆனது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் சாயங்காலம் காற்று கடுமையாக இருந்தது. படகுகள் ஒன்றொன்றாக மழை மூட்டத்துக்குள் கடந்து போயின. இருமல் மட்டும் கேட்கவில்லை. தங்கச்சி படித்துறையில் நனைந்தபடி, காதைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்து நின்றாள். தெரு கூடிவிட்டது. வெல்டிங் வைத்தவன் நான். எனக்கே அது ஞாபகம் வரவில்லை. நானும் அந்தப் பழைய சத்தத்துக்குத்தான் காத்து நின்றேன்.

"எந்தா கூட்டம்? யாரைக் காணோம்?"

திரும்பினால் அவள் புருஷன், கையில் மீனோடு. வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தேடி வந்திருக்கிறான். அவள் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இவரு படகை என்ன செஞ்சீங்க?"

"ஓட்டையை அடைச்சேன் தங்கச்சி. நல்லாத்தானே ஆச்சு?"

"நல்லா ஆச்சா? எனக்கு உசிரு போயி வந்துச்சு! மேஸ்திரியா இருந்தப்ப உள்ளதைச் சரியாக்குனீங்க. மெக்கானிக் ஆனதும் உள்ளதையே காணாம ஆக்கிட்டீங்க!"

"விடுடி. சோறு எப்ப?"

"பழைய சத்தம் வரட்டும், சோறு வரும்!"

அதோடு எங்கள் சந்தில் மெக்கானிக் என்ற சொல்லின் மதிப்பு போயிற்று. யாராவது மீசையை எடுத்துவிட்டு வந்தால், "எந்த மெக்கானிக் பார்த்த வேலை?" என்பார்கள். குழம்பு ருசி மாறினால் மெக்கானிக் குழம்பு. எண்பதுகளில் பையன்கள் கல்ஃபுக்குப் போகத் தொடங்கியதும் அதற்கு மதிப்பு திரும்பியது; மாப்பிள்ளை மெக்கானிக்கா என்று பெண் வீட்டார் ஆசையாக விசாரித்தார்கள். பிறகு டிவிக்கு, பிரிட்ஜுக்கு என்று தெருவுக்கு நாலு மெக்கானிக் வந்து, அது சாதாரணச் சொல்லாயிற்று.

நான் அடைத்த ஓட்டையை, தங்கச்சி சண்டை போட்டதற்கு அடுத்த நாளே திறந்துவிட்டேன். அன்று மாலை காயலில் இருமல் கேட்டது. பக்கத்து வீட்டில் உலைப் பானை அடுப்பேறும் சத்தமும் கேட்டது.

இப்போது படகு வேலைக்கு வருகிற பிள்ளைகள் யாரையாவது பார்த்தால் சொல்லுங்கள்: எஞ்சினில் கைவைக்கும் முன்னால், கரையில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பவளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும்.